உடம்பு உப்பு கேட்கும்போது: அட்ரினல் குறைபாடு எதனால் வருகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது – முழு வழிகாட்டி

ஒரு நாள் மதியம் சமையலறைக்குள் போனபோது என் அக்கா மாவடு ஜாடிக்குள் கரண்டியை விட்டு, வடுவை ஒதுக்கிவிட்டு, அடியில் நிற்கிற உப்புத் தண்ணீரை மட்டும் மொண்டு குடித்துக்கொண்டிருந்தாள். "என்னக்கா பண்ற?" என்றேன். "நாக்கு கேக்குதுடா, என்ன பண்ணச் சொல்ற" என்றாள். அதற்கு முந்தைய பத்து மாதத்தில் அவள் எடை 58 கிலோவிலிருந்து 46-க்கு இறங்கியிருந்தது. காலையில் எழுந்தால் தலைசுற்றல், சோற்றைப் பார்த்தாலே குமட்டல், அடிக்கடி வயிற்றுவலி. அல்சர் என்று மாத்திரை கொடுத்தார்கள், எண்டோஸ்கோப்பியில் ஒன்றும் இல்லை என்றதும் மனச்சோர்வு என்று வேறு மாத்திரை கொடுத்தார்கள். ஏன் இப்படிக் கறுத்துப்போனாள் என்று கேட்ட சொந்தக்காரர்களிடம் "வெயில்ல அலையறா" என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஒரு சாதாரணக் காய்ச்சலில் மயங்கி விழுந்தாள். ரத்தத்தில் சோடியம் 121, ரொம்பக் குறைவு. அட்மிட் செய்த இரவு டூட்டியில் இருந்த இளம் டாக்டர் ஒருவர் அவள் உள்ளங்கையை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார், ரேகைகளெல்லாம் பேனாவால் வரைந்ததுபோல் கறுத்திருந்தன. அப்புறம் "உதட்டை மடக்கிக் காட்டுங்கம்மா" என்றார். ஈறு கருநீலமாக இருந்தது. அட்ரினல் குறைபாடு, அதாவது அட்ரினல் சுரப்பியிலிருந்து ஹார்மோன் போதுமான அளவு வராத நோய், என்ற சொல்லை நாங்கள் முதன்முதலாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

பத்து மாதமும் எல்லாக் குறிகளும் எங்கள் கண்ணெதிரேயே இருந்தன, ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை. இந்த நோய் பிடிபட ஒருவருக்குச் சந்தேகம் வர வேண்டும், அப்புறம் சரியான நேரத்தில் சரியான முறையில் ரத்தம் எடுக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் உதவத்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, அக்காவின் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்து, கேட்டுக் கேட்டு, படித்துப் படித்துத் தெரிந்துகொண்டவன். எந்த டாக்டரிடம் போகவேண்டும், என்ன சொல்லவேண்டும், எந்த ரிப்போர்ட்டை எப்படிப் பார்க்கவேண்டும் என்பதற்கு இது உதவும். மருந்தைத் தொடங்கவோ நிறுத்தவோ இதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

முதலில் அவசரம்

இதைப் படிக்கிற நேரத்தில் வீட்டில் ஒருவர் விடாமல் வாந்தி எடுத்துக்கொண்டு, பி.பி. இறங்கி, பேச்சு குழறி, அரைமயக்கத்தில் இருந்தால் மிச்சத்தை அப்புறம் படித்துக்கொள்ளலாம். குறிப்பாக அவர் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டு சமீபத்தில் நிறுத்தியவராகவோ, கீழே சொல்லும் குறிகள் இருப்பவராகவோ இருந்தால் உடனே எமர்ஜென்சிக்குக் கூட்டிப்போங்கள், "அட்ரினல் கிரைசிஸாக இருக்குமோ என்று சந்தேகம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அட்ரினல் ஹார்மோன் அடியோடு போதாமல் உயிருக்கே ஆபத்தாகும் நிலை அது. அங்கே கொடுக்கவேண்டியது ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து 100 மில்லிகிராம், நரம்பு வழியாகவோ தசை வழியாகவோ. கூடவே வேகமாக சலைன், பெரியவர்களுக்கு முதல் ஒரு மணி நேரத்தில் சுமார் ஒரு லிட்டர். ஊசி போடும் முன் அதே குத்தில் கார்ட்டிசால், ஏ.சி.டி.எச். என்ற இரண்டு ஹார்மோன்களுக்கும் ரத்தம் எடுத்து வைத்துவிட்டால் பின்னால் பெரிய உதவியாக இருக்கும். ஆனால் ரிசல்ட் வரட்டும் என்று யாரும் காத்திருக்கக் கூடாது. உண்மையிலேயே கிரைசிஸாக இருந்தால் உயிர் பிழைக்கும், இல்லையென்று பின்னால் தெரிந்தால் அந்த ஒரு டோஸால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது.

சுரப்பி என்ன செய்கிறது

இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பிபோல ஒட்டிக்கொண்டிருப்பவை அட்ரினல் சுரப்பிகள். ஒன்று நாலைந்து கிராம்தான் இருக்கும். அதன் வெளிப்பகுதி மூன்று ஹார்மோன்களைச் சுரக்கிறது. கார்ட்டிசால் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் தாங்கிப்பிடிக்கும், காய்ச்சல், அடி, ஆபரேஷன் என்று உடம்புக்கு நெருக்கடி வந்தால் பல மடங்கு சுரந்து காப்பாற்றும். ஆல்டோஸ்டிரோன் சிறுநீரில் உப்பு வீணாகப் போகாமல் பிடித்துவைத்து, பொட்டாசியத்தை வெளியே தள்ளும். மூன்றாவது ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்கள்; பெண்களுக்கு அக்குள் முடி, அந்தரங்க முடி வளர இவையே பெரும் காரணம்.

கார்ட்டிசால் தானாகச் சுரப்பதில்லை. மூளையில் ஹைப்போதாலமஸ் உத்தரவு கொடுக்க, அதற்குக் கீழே தொங்கும் பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை அனுப்ப, அதைக் கேட்டு அட்ரினல் வேலை செய்யும். கார்ட்டிசால் போதுமான அளவு வந்ததும் மேலே இருப்பவை அடங்கும். ஆல்டோஸ்டிரோன் கதை வேறு, அது பெரும்பாலும் ரெனின் என்ற சிறுநீரக வழியில் நடக்கிறது, பிட்யூட்டரியை நம்பி இல்லை. இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பாதிப் பரிசோதனைகள் தானாகவே புரிந்துவிடும்.

கோளாறு அட்ரினலிலேயே இருந்தால் அது முதல்நிலைக் குறைபாடு. அடிசன் நோய் என்பது இதுதான். லண்டன் கைஸ் மருத்துவமனையில் இருந்த தாமஸ் அடிசன் 1855-இல் இதை விவரித்து எழுதினார், அவர் பார்த்த நோயாளிகள் பலருக்கு அட்ரினலைத் தின்றிருந்தது காசநோய். பிட்யூட்டரி கெட்டுப்போய் ஏ.சி.டி.எச். வராவிட்டால் இரண்டாம்நிலை. ஹைப்போதாலமஸ் அடங்கிப்போனால் மூன்றாம்நிலை, வெளியிலிருந்து ஸ்டீராய்டு சாப்பிட்டு வருவது பெரும்பாலும் இந்த வகையில் சேரும்.

படி 1: குறிகளைச் சேர்த்துப் பாருங்கள்

தனித்தனியாக எடுத்தால் இந்த நோயின் குறிகளில் எதுவும் விசேஷமில்லை. அசதி யாருக்கு இல்லை? பசியின்மை, எடை குறைவு, குமட்டல், வயிற்றுவலி, மூட்டுவலி, எழுந்தால் கண் இருட்டுவது, எரிச்சல், பெண்களுக்கு மாதவிடாய் தப்புவது என்று எல்லாமே வேறு நூறு நோயிலும் வரும். ஆனால் அசதி, எடை குறைவு, எழுந்தால் தலைசுற்றல் இந்த மூன்றும் மாதக்கணக்கில் சேர்ந்தே இருந்து, கூட உப்பு ஆசையோ நிறமாற்றமோ இருந்தால், அந்த இடத்தில் அட்ரினலை நினைக்கவேண்டும்.

உப்பு ஆசை என்றால் சாப்பாட்டில் கொஞ்சம் கூடப் போட்டுக்கொள்வது இல்லை. கல் உப்பை வாயில் போட்டுச் சப்புவது, ஊறுகாய் எண்ணெயை வழித்து நக்குவது, எலுமிச்சை ஜூஸில் சர்க்கரை வேண்டாம் உப்பு மட்டும் போடு என்று பிடிவாதம் பிடிப்பது, அந்த அளவுக்குப் போகும். எல்லாருக்கும் இது வராது. வந்தால் பெரிய துப்பு.

நிறமாற்றத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் தோல் நிறத்தில் இது தவறிப்போவது ரொம்ப சுலபம். அட்ரினல் கெட்டதும் பிட்யூட்டரி ஏ.சி.டி.எச்.-ஐ வாரி இறைக்கிறது. அது உருவாகும் அதே மூலப்புரதத்திலிருந்துதான் தோலைக் கறுக்கவைக்கும் ஹார்மோனும் பிரிகிறது, ஏ.சி.டி.எச்.-க்குமே அந்தக் குணம் உண்டு. அதனால் முகமும் கையும் மட்டுமில்லாமல் வெயில் படாத இடங்களும் கறுக்கும். உள்ளங்கை ரேகை, விரல் முட்டிகள், முழங்கை, மார்புக்காம்பு, பிரா பட்டியோ பாவாடை நாடாவோ அழுத்துகிற இடம், நோய் வந்த பிறகு உண்டான தழும்பு, ஈறு, கன்னத்தின் உள்பக்கம், நாக்கு. நம்மில் பலருக்கு ஈறு பிறவியிலிருந்தே கொஞ்சம் கறுத்துத்தான் இருக்கும், ஆகவே கறுப்பாக இருப்பதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்லமுடியாது, புதிதாகக் கறுத்ததா என்பதுதான் கேள்வி. ஒரு சுலபமான வழி இருக்கிறது: இரண்டு மூன்று வருஷத்துக்கு முந்தைய கல்யாண ஃபோட்டோவை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உடன்பிறந்தவர்களின் உள்ளங்கையோடு சேர்த்து வைத்தும் பார்க்கலாம். நாங்கள் அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் அக்கா கைக்குப் பக்கத்தில் என் கையை வைத்துப் பார்த்தோம், அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிட்யூட்டரி வகையில் இந்தக் கறுப்பு வரவே வராது, ஏ.சி.டி.எச்.-ஏ இல்லையே. அவர்கள் வெளிறித்தான் தெரிவார்கள். அதனால் நிறம் மாறவில்லை, ஆகவே அட்ரினல் பிரச்சினை இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

இன்னும் இரண்டு ஆட்களைத் தனியாகச் சொல்லவேண்டும். டைப் 1 சர்க்கரை உள்ளவருக்குக் காரணமே இல்லாமல் இன்சுலின் தேவை குறைந்து, அடிக்கடி சுகர் இறங்கினால் அது அடிசன் நோயின் முதல் குறியாக இருக்கலாம். பிறந்து ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் குழந்தை வாந்தி எடுத்து, பால் குடிக்காமல், எடை குறைந்து துவண்டால் பிறவி அட்ரினல் கோளாறைப் பற்றிக் குழந்தை மருத்துவரிடம் உடனே கேளுங்கள். பெண் குழந்தைகளுக்குப் பிறப்புறுப்பின் அமைப்பில் மாற்றம் தெரிவதால் பலசமயம் பிறந்தவுடனே சந்தேகம் வந்துவிடும், ஆண் குழந்தைகள் பார்க்கச் சாதாரணமாக இருப்பதால் தவறிவிடுகிறார்கள்.

படி 2: ஸ்டீராய்டு கணக்கு

லேபுக்குப் போகுமுன் வீட்டில் உட்கார்ந்து செய்யவேண்டிய வேலை இது. அட்ரினல் வேலை குறைவதற்கு உலகம் முழுக்க மிகப் பொதுவான காரணம் வெளியிலிருந்து வந்த ஸ்டீராய்டுதான், அதாவது கார்ட்டிசாலைப்போலவே வேலை செய்யும் மருந்து. மூன்று நான்கு வாரத்துக்கு மேல், உடம்பு தினம் சுரப்பதைவிட அதிகமான அளவில் ஸ்டீராய்டு உள்ளே போய்க்கொண்டிருந்தால் மூளை, "வெளியிலிருந்தே வருகிறதே" என்று உத்தரவை நிறுத்திவிடும், அட்ரினல் சும்மா கிடந்து சுருங்கும். திடீரென்று நிறுத்தினால் உள்ளே ஒன்றும் சுரக்காது.

சிக்கல் என்னவென்றால் பலருக்குத் தாங்கள் ஸ்டீராய்டு எடுத்ததே தெரியாது. பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், மெத்தில்பிரெட்னிசோலோன், டெஃப்ளாசகார்ட், இந்தப் பெயர்களைப் பழைய சீட்டுகளிலும் காலி அட்டைகளிலும் தேடுங்கள். மெடிக்கலில் "மூச்சுக்கு", "மூட்டுக்கு", "உடம்பு தேற" என்று கேட்டு வாங்கிய சின்ன வெள்ளை மாத்திரை என்ன என்று பாருங்கள். முட்டியிலும் முதுகிலும் போட்ட ஊசிகள், வருஷக்கணக்காக இழுக்கும் இன்ஹேலர், முகம் வெளுக்கப் பூசிய கிரீம், படைக்குப் போட்ட களிம்பு எல்லாம் கணக்கில் வரும். மூட்டுவலிக்கும் ஆஸ்துமாவுக்கும் பெயர் தெரியாத பொடி சாப்பிட்டு அதிசயமாகக் குணமானது என்றால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள், அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது. முகம் உப்பி உருண்டு, தோலில் சிவந்த வரி விழுந்து, கூடவே அசதி, வாந்தி இருந்தால் இந்தக் காரணத்தை முதலில் நினைக்கவேண்டும்.

இன்ஹேலர் மட்டும் என்றால் சாதாரண டோஸில் பெரும்பாலும் பயமில்லை. ஆனால் எச்.ஐ.வி. மருந்தான ரிட்டோனாவிர், பூஞ்சை மருந்தான இட்ராகோனசோல் போன்றவற்றோடு சில இன்ஹேலர் ஸ்டீராய்டுகள் சேர்ந்தால் அவை உடைபடாமல் ரத்தத்தில் தங்கி, மாத்திரை சாப்பிட்டதுபோல் ஆகிவிடும். நீண்டகாலமாக ஓபியாய்டு வலிநிவாரணி எடுப்பவர்களுக்கும் இந்த அச்சு, அதாவது மூளையிலிருந்து அட்ரினல் வரைக்குமான உத்தரவுச் சங்கிலி, அடங்கலாம்.

இப்போது ஸ்டீராய்டு சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் இதைப் படித்துப் பயந்து நிறுத்திவிடவே கூடாது. டோஸைக் குறைப்பது எப்படி என்பது எழுதிக்கொடுத்தவரோ ஹார்மோன் நோய்களைப் பார்க்கும் எண்டோகிரைன் டாக்டரோ சொல்லவேண்டியது.

படி 3: சாதாரண டெஸ்ட்டுகளிலேயே துப்பு இருக்கும்

பெரிய டெஸ்ட்டுக்கு முன் பி.பி.-யைப் படுக்கவைத்து ஒரு தடவை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அது அர்த்தமுள்ள இறக்கம். அக்காவுக்குப் படுத்திருக்கும்போது 96/60, நின்றதும் 70/44. பத்து மாதமாக ஒவ்வொரு இடத்திலும் உட்காரவைத்துத்தான் பார்த்தார்கள், "உங்களுக்கு லோ பி.பி. வாகு" என்று முடித்துவிட்டார்கள்.

ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின், சுகர், ரத்த அணுக்கள், டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) எல்லாம் சின்ன லேபிலும் கிடைக்கும். முதல்நிலைக் குறைபாட்டில் சோடியம் குறையும், பொட்டாசியம் ஏறும். இரண்டும் சேர்ந்து வந்திருந்தால் அதிர்ஷ்டம், ஆனால் பொட்டாசியம் நார்மலாக இருந்தும் நோய் இருக்கலாம், வாந்தி அதிகமானால் அது இறங்கியும் நிற்கும். பிட்யூட்டரி வகையில் ஆல்டோஸ்டிரோன் நன்றாக இருப்பதால் பொட்டாசியம் ஏறாது, சோடியம் மட்டும் குறையலாம். சுகர் குறைவு, இயோசினோஃபில் என்ற வெள்ளை அணு கூடுதல் ஆகியவையும் கைகொடுக்கும்.

டி.எஸ்.எச். விஷயத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. கார்ட்டிசால் குறைந்தாலே டி.எஸ்.எச். லேசாக ஏறும். அசதி, டி.எஸ்.எச். 8 என்று பார்த்ததும் தைராய்டு மாத்திரை எழுதிவிட்டால், தைராக்சின் உடம்பின் வேகத்தைக் கூட்டி, இருக்கிற கொஞ்சநஞ்சக் கார்ட்டிசாலையும் சீக்கிரம் கரைத்து, ஆளைக் கிரைசிஸுக்குள் தள்ளிவிடக்கூடும். தைராய்டு மாத்திரை தொடங்கிய பிறகு அசதி குறையாமல் கூடினால் உடனே சொல்லுங்கள். இரண்டு குறைபாடும் உண்மையிலேயே சேர்ந்து இருந்தால் முதலில் ஸ்டீராய்டு, பிறகுதான் தைராக்சின்.

படி 4: காலை எட்டு மணி ரத்தம்

கார்ட்டிசால் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. விடியற்காலையில் ஏறி, காலை ஆறிலிருந்து எட்டுக்குள் உச்சத்தில் இருந்து, நள்ளிரவில் அடிமட்டத்துக்கு வரும். அதனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு எடுத்த ரத்தத்தில் கார்ட்டிசால் 5 என்று வந்தால் அதற்கு அர்த்தமே இல்லை, காலை எட்டுக்கு அதே 5 வந்தால் அது பெரிய விஷயம். எங்களுக்கு இடையில் ஒருமுறை கார்ட்டிசால் பார்த்திருக்கிறார்கள், மதியம் இரண்டு மணிக்கு. அந்த ரிப்போர்ட்டால் எங்களைக் குழப்பியதைத் தவிர ஒரு பயனும் இருக்கவில்லை. ரத்தம் எடுத்த நேரத்தை ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள், எழுதாவிட்டால் நீங்களே பேனாவால் எழுதிவையுங்கள்.

எண்களைத் தோராயமாக இப்படிப் புரிந்துகொள்ளலாம். காலை எட்டு மணி கார்ட்டிசால் டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு ஏறக்குறைய உறுதி. 15-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் இல்லை, சில இடங்களில் 18 என்று வைத்திருக்கிறார்கள். நடுவில் வந்தால் அடுத்த படிக்குப் போகவேண்டும். ஸ்டீராய்டு குறைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு மட்டும் அளவுகோல் வேறு, 2024-இல் வந்த ஐரோப்பிய–அமெரிக்கக் கூட்டு வழிகாட்டுதலின்படி 10-க்கு மேல் இருந்தால் அச்சு எழுந்துவிட்டது, 5-க்குக் கீழே என்றால் மாத்திரையைத் தொடர்ந்து சில மாதம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும். சில லேபில் நானோமோல் கணக்கில் தருவார்கள், அதை 27.6-ஆல் வகுத்தால் மைக்ரோகிராம் வந்துவிடும். உங்கள் லேபின் முறையைப் பொறுத்து எல்லைக்கோடு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அதை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

அதே குத்தில் ஏ.சி.டி.எச். ரத்தமும் எடுக்கவேண்டும், இதில்தான் அதிகம் கோட்டைவிடுகிறார்கள். ஏ.சி.டி.எச். சீக்கிரம் சிதையும் பொருள். ஊதா மூடி போட்ட டியூபில் எடுத்து, உடனே ஐஸில் வைத்து, சீக்கிரம் மெஷினில் சுற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்கவேண்டும். அக்காவுக்கு எடுத்தபோது லேப் டெக்னீஷியன் ஒரு சில்வர் டம்ளரில் ஐஸ் நொறுக்கி அதற்குள் டியூபைக் குத்திவைத்து, கையோடு எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினார். அப்படி எடுத்தால்தான் அந்த எண்ணை நம்பலாம். வீட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு பைக்கில் நாலு வீடு சுற்றிப் போகிற சேம்பிளில் ஏ.சி.டி.எச். குறைவாகக் காட்டி, அட்ரினல் கோளாறைப் பிட்யூட்டரி கோளாறு என்று திசைதிருப்பிவிடும். முன்கூட்டியே லேபுக்கு ஃபோன் போட்டு, ஐஸ் வைத்திருக்கிறீர்களா, அங்கேயே பிரிப்பீர்களா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

ரத்தம் கொடுக்குமுன் டாக்டரிடம் சொல்லவேண்டியவை சில உண்டு. ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையும் கர்ப்பமும் கார்ட்டிசாலைச் சுமக்கும் புரதத்தைக் கூட்டுவதால் எண் பொய்யாக உயர்ந்து காட்டும். மாத்திரையை ஆறு வாரம் நிறுத்திப் பார்ப்பது வழக்கம். கல்லீரல் கெட்டு ஆல்புமின் குறைந்தவர்களுக்கு எண் பொய்யாகக் குறையும். ஹைட்ரோகார்ட்டிசோனும் பிரெட்னிசோலோனும் பல லேப் முறைகளில் கார்ட்டிசாலாகவே எண்ணப்படும், டெக்சாமெத்தசோன் எண்ணப்படாது, ஆனால் அச்சை அடக்கிவிடும். முடி வளரச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை சில மெஷின்களைக் குழப்பும், இரண்டு மூன்று நாள் முன்னாடியே நிறுத்துவது நல்லது. நைட் ஷிஃப்ட் வேலை செய்பவருக்குக் காலை எட்டு மணி உண்மையில் அவர் உடம்புக்கு ராத்திரி, அதை அவசியம் சொல்லுங்கள்.

படி 5: தூண்டிப் பார்க்கும் டெஸ்ட்

நடுவில் நிற்கிற எண்ணுக்குத் தீர்ப்பு சொல்வது இதுதான். செயற்கை ஏ.சி.டி.எச். 250 மைக்ரோகிராம் ஊசி போட்டு, போடுமுன் ஒன்று, 30 நிமிடத்தில் ஒன்று, 60 நிமிடத்தில் ஒன்று என்று ரத்தம் எடுப்பார்கள். நல்ல அட்ரினல் என்றால் கார்ட்டிசால் 18 மைக்ரோகிராமைத் தாண்டவேண்டும் என்பது பழைய முறைகளின் கணக்கு, புதிய துல்லியமான முறைகளில் 14–15 போதும் என்கிறார்கள். சினாக்தென் என்ற அந்த மருந்து நம் நாட்டில் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. அதனால் ஆக்டான் புரொலாங்கேட்டம் என்ற, மெதுவாக வேலை செய்யும் ஏ.சி.டி.எச். ஊசியைத் தசையில் போட்டுப் பார்க்கும் வழக்கம் இந்தியாவில் இருக்கிறது. வேறு மருந்து போடுகிறார்களே என்று பயப்படவேண்டாம்.

இந்த டெஸ்ட்டுக்கு ஒரு குறை உண்டு. பிட்யூட்டரிக்கு அடி விழுந்தோ ஆபரேஷன் செய்தோ நாலைந்து வாரம்தான் ஆகிறது என்றால் அட்ரினல் இன்னும் சுருங்கியிருக்காது, ஊசி போட்டதும் நன்றாகவே சுரந்துவிடும், டெஸ்ட் நார்மல் என்று பொய் சொல்லும். அந்த மாதிரி சந்தர்ப்பத்தில் இன்சுலின் போட்டுச் சுகரை இறக்கிப் பார்க்கும் டெஸ்ட் ஒன்று இருக்கிறது. வலிப்பு, இதயநோய் உள்ளவர்களுக்குச் செய்யக்கூடாது, பக்கத்திலேயே டாக்டர் நின்று செய்யவேண்டியது.

படி 6: எங்கே கோளாறு, ஏன் கோளாறு

கார்ட்டிசால் குறைவு, ஏ.சி.டி.எச். உச்ச எல்லையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் என்றால் அட்ரினலிலேயே கோளாறு. ரெனின் ஏறி ஆல்டோஸ்டிரோன் குறைந்திருந்தால் அது இன்னும் உறுதியாகும். கார்ட்டிசாலும் குறைவு, ஏ.சி.டி.எச்.-ம் குறைவு அல்லது "நார்மல்" என்றால் கோளாறு மேலே, பிட்யூட்டரிப் பக்கம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இந்த நிலையில் நார்மல் என்பதே நார்மல் இல்லை, கார்ட்டிசால் இவ்வளவு குறைந்தால் ஏ.சி.டி.எச். எகிறியிருக்க வேண்டும்.

அட்ரினல் கோளாறு என்று ஆனதும் காரணம் தேடவேண்டும். மேலை நாடுகளில் பெரும்பாலும் உடம்பின் எதிர்ப்புசக்தியே சுரப்பியைத் தாக்குவதுதான் காரணம், 21-ஹைட்ராக்சிலேஸ் எதிர்ப்பொருள் என்ற ரத்தப் பரிசோதனையில் தெரியும். வெண்புள்ளி, தைராய்டு, டைப் 1 சர்க்கரை, சீக்கிரம் நின்ற மாதவிடாய் இவற்றில் எதுவும் கூட இருந்தால் இந்த வகை என்ற சந்தேகம் வலுக்கும். ஒரே ஆளுக்கு ஓரிடத்தில் வெண்புள்ளியும் மற்ற இடமெல்லாம் கறுப்புமாக இருப்பதுண்டு.

நம் நாட்டில் காசநோயை முதலில் தேடவேண்டும். அக்காவுக்கு ஹாஸ்டலில் இருந்த காலத்தில் நெஞ்சில் டி.பி. வந்து ஆறு மாத மருந்து முடித்து, பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. நாங்கள் அதை யாரிடமும் சொல்லவில்லை, குணமாகிவிட்டது, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்ற எண்ணம், கொஞ்சம் கூச்சமும்தான். நுரையீரலிலிருந்து ரத்தம் வழியாகப் போன கிருமி அட்ரினலில் அடங்கிக் கிடந்து வருஷங்கள் கழித்து வேலையைக் காட்டும். சுரப்பியின் பெரும்பகுதி, ஏறக்குறைய 90 சதவீதம், அழிந்த பிறகுதான் வெளியே தெரியும். சி.டி. ஸ்கேனில் தொடக்கத்தில் இரண்டு பக்கமும் வீங்கித் தெரியும், நாளானால் சுருங்கிச் சுண்ணாம்பு படிந்திருக்கும். எதிர்ப்புசக்தி வகையில் சின்னதாகச் சுருங்கித் தெரியும். எனவே டி.பி. பழைய கதை என்றாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

டி.பி. மருந்திலேயே இன்னொரு கண்ணி உண்டு. ரிஃபாம்பிசின், கார்ட்டிசாலைக் கல்லீரலில் வேகமாக உடைத்துத் தள்ளும். பாதி வேலை செய்யும் அட்ரினலோடு இருந்தவர் டி.பி. மருந்து தொடங்கிய சில வாரத்தில் வாந்தியும் மயக்கமுமாக வந்தால் "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று விட்டுவிடாமல் கார்ட்டிசால் பார்க்கவேண்டும். ஏற்கெனவே ஸ்டீராய்டு எடுப்பவராக இருந்தால் டோஸை இரண்டு மூன்று மடங்கு கூட்டவேண்டியிருக்கும்.

இரண்டு பக்கமும் வீங்கியிருந்தால் டி.பி. மட்டும்தான் என்று இல்லை. ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சையும் இப்படியே செய்யும், இந்தியாவில் இது நிறையப் பதிவாகியிருக்கிறது, எதிர்ப்புசக்தி நன்றாக உள்ளவர்களுக்கும் வருகிறது. நுரையீரல், மார்பகம் போன்ற இடங்களிலிருந்து பரவிய புற்றுநோய், லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் ஆகியவையும் வீங்கவைக்கும். ஊசி குத்தித் திசு எடுத்துப் பார்த்தால்தான் எது என்று தெரியும், டி.பி. மருந்தைக் குருட்டாம்போக்கில் தொடங்கி மாதக்கணக்கில் இழுப்பதைவிட அது நல்லது. குத்துமுன் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி இல்லை என்று ஒரு ரத்த அல்லது சிறுநீர் டெஸ்ட்டில் உறுதிசெய்வார்கள், அதைத் தெரியாமல் குத்தினால் பி.பி. தாறுமாறாக ஏறும்.

சுரப்பிக்குள் ரத்தம் கசிந்தும் அழியும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர், ரத்தம் எளிதில் கட்டிப்போகும் ஆன்டிஃபாஸ்போலிப்பிட் நோய் உள்ளவர், கடும் ரத்தத் தொற்றில் இருப்பவர் திடீரென்று இடுப்புக்கு மேல் வலி, பி.பி. இறக்கம் என்று வந்தால் இதை நினைக்கவேண்டும். கீட்டோகோனசோல் போன்ற மருந்துகளும், புற்றுநோய்க்குக் கொடுக்கும் புதிய இம்யூன் மருந்துகளும் காரணமாகலாம், அந்த இம்யூன் மருந்துகள் பிட்யூட்டரியையும் தாக்கும். சிறுவனுக்கோ இளைஞனுக்கோ வேறு காரணம் கிடைக்காவிட்டால் அட்ரினோலியூகோடிஸ்ட்ரோஃபி என்ற மரபு நோய்க்காக மிகநீள்சங்கிலிக் கொழுப்பு அமிலம் பார்ப்பார்கள். இதைத் தள்ளிப்போடக் கூடாது, மூளை பாதிக்குமுன் தெரிந்தால் செய்யக்கூடியது அதிகம்.

மேலே கோளாறு என்றால் பிட்யூட்டரிக்கு எம்.ஆர்.ஐ. கட்டி, ஆபரேஷன், கதிர்வீச்சு, தலைக்காயம் என்று காரணங்கள். நம் ஊர்ப்பக்கம் கேட்கவேண்டிய கேள்விகள் இன்னும் இரண்டு. ஒன்று பிரசவம். குழந்தை பிறந்தபோது ரத்தம் கொட்டி மயங்கிய பெண்ணுக்குப் பிட்யூட்டரி கருகிப்போவதுண்டு, ஷீஹன் நோய் என்பார்கள். பால் சுரக்கவில்லை, மாதவிடாய் திரும்ப வரவில்லை, அக்குள் முடி உதிர்ந்தது, அதிலிருந்தே உடம்பு தேறவில்லை என்று பத்து வருஷம் கழித்துச் சொல்வார்கள். இரண்டு பாம்புக்கடி. கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவர்களில் சிலருக்குப் பிட்யூட்டரி பழுதாகும், இந்தியா, இலங்கை, மியான்மர் மூன்று நாடுகளிலும் இது பதிவாகியிருக்கிறது. வயலில் கடிபட்டுச் சிறுநீரகமும் பாதித்துப் பிழைத்து வந்தவர், மாதங்களோ வருஷங்களோ கழித்து ஓயாத அசதி என்றால் பழைய கடியைச் சொல்லுங்கள்.

நெட்டில் விற்கும் "அட்ரினல் ஃபட்டீக்"

வேலை அழுத்தத்தால் அட்ரினல் களைத்துப்போகிறது என்று சொல்லி எச்சில் டெஸ்ட்டும் பொடிகளும் விற்கிறார்கள். அப்படி ஒரு நோயை எண்டோகிரைன் மருத்துவ அமைப்புகள் ஏற்கவில்லை. அசதி உண்மைதான், அதற்கு ரத்தசோகை, தூக்கக்கோளாறு, தைராய்டு, மனச்சோர்வு என்று நிஜமான காரணத்தைத் தேடவேண்டும். இதில் எனக்குக் கோபம் வருவது இரண்டு காரணத்துக்காக: இல்லாத நோய்க்கு விற்கும் பொடியில் சிலசமயம் ஸ்டீராய்டு கலந்திருந்து இருக்கிற அட்ரினலையும் அடக்கிவிடும், நிஜமாக அடிசன் நோய் உள்ளவர் அந்தப் பொடியை நம்பி மாதங்களை இழப்பார்.

உறுதியான பிறகு, அன்றைக்கே

தினசரி மாத்திரை பெரும்பாலும் ஹைட்ரோகார்ட்டிசோன், ஒரு நாளைக்கு 15 முதல் 25 மில்லிகிராம், இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து. கோளாறு அட்ரினலிலேயே என்றால் கூடவே ஃபுளூட்ரோகார்ட்டிசோன், இது ஆல்டோஸ்டிரோனுக்குப் பதிலான மாத்திரை. டோஸை டாக்டர் முடிவுசெய்வார். நீங்கள் அன்றைக்கே கேட்டு வாங்கவேண்டியவை: காய்ச்சல் வந்தால் எவ்வளவு கூட்டுவது, வாந்தி வந்து மாத்திரை தங்காவிட்டால் என்ன செய்வது என்று எழுதிய தாள், வீட்டில் வைத்துக்கொள்ள ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி, அதைப் போட வீட்டில் ஒருவருக்குப் பயிற்சி. பர்ஸில் ஒரு அட்டை, தமிழிலும் ஆங்கிலத்திலும், "எனக்கு அட்ரினல் குறைபாடு, மயங்கினால் உடனே ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் போடவும்" என்று.

அக்கா அந்த அட்டையைப் பஸ் பாஸுக்குப் பின்னால் செருகியிருக்கிறாள். ஊசி மருந்தும் சிரிஞ்சும் பீரோவின் இரண்டாவது தட்டில், நீல டப்பாவில் இருக்கின்றன. எக்ஸ்பயரி தேதியை மூடிமேல் மார்க்கரால் எழுதியது நான். ஃபுளூட்ரோகார்ட்டிசோன் எல்லாக் கடையிலும் இருக்காது, அதனால் பத்து நாள் மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்த மாதத்துக்கு வாங்கி வைத்துவிடுகிறோம்.